சுழி வைக்காத சீர்

செம்மேட்டில் ஒரு குழந்தைக்குக் காது குத்த நாள் பார்க்கிறவர்கள் முதலில் பஞ்சாங்கத்தைப் புரட்டுவதில்லை. மீளுருவி நிலையத்துக்கு ஆள் அனுப்பி, வரிசையில் எப்போது இடம் கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டு, அதற்குத் தோதாக ஒரு நல்ல நேரத்தைக் கண்டுபிடிப்பார்கள். செவ்வாய்க் கோளில் நல்ல நேரத்துக்குப் பஞ்சமே இல்லை, மீளுருவிக்குத்தான் பஞ்சம்.

ஊரில் இருந்தது ஒரே மீளுருவி. கல்யாண மண்டபத்துச் சமையற்கட்டு அளவுக்கு இருக்கும். பூமியில், தேனிப் பக்கத்து அனுப்பு நிலையத்தில் ஒரு பொருளை வைத்தால், அங்குள்ள கருவி அதை அணு அணுவாகக் கலைத்துப் படித்து, படித்ததையெல்லாம் அட்டவணையில் ஒரு வரியாக எழுதிவிடும். அந்த வரி வானொலி அலையில் ஏறிச் செவ்வாய்க்கு வந்து சேரும். மீளுருவி அந்த வரியைப் பார்த்து, செம்மண்ணிலிருந்து பிரித்தெடுத்த சரக்கைக் கொண்டு அதே பொருளை மறுபடி செய்து கொடுக்கும். ஊறுகாய் ஜாடியும் உழவு இயந்திரமும் வந்தது அப்படித்தான். ஊரின் முதல் குடிகளும் அப்படித்தான் வந்தார்கள். அங்கே படுத்தவர்கள் இங்கே எழுந்து உட்கார்ந்து, "அதுக்குள்ள வந்துருச்சா?" என்று கேட்டவர்கள்.

அப்படி வந்ததற்கு அடையாளமாக அவர்கள் ஒவ்வொருவருக்கும் பிடரியில் மிளகளவு ஒரு புடைப்பு இருந்தது. பயணப்பொட்டு என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு அது கிடையாது என்பதால் முதல் குடிகளுக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. ஆண்கள் முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு பொட்டைக் காட்டித் திரிந்தார்கள். பெண்கள் மட்டும் என்னவோ பிடரியை மூடித் தாழக் கொண்டை போட்டுக்கொண்டார்கள். தலைக்கவசத்துக்கு அதுதான் வசதி என்றார்கள். சரியாகத்தான் இருக்கும் என்று ஆண்களும் விட்டுவிட்டார்கள்.

முதல் குடிகளுக்கென்றே ஒரு நோயும் இருந்தது. பேசிக்கொண்டே இருக்கிறவர், கவசத்தை மாட்டும்போதோ காலரை இழுத்துவிடும்போதோ, அப்படியே நின்றுவிடுவார். கண் திறந்திருக்கும், மூச்சு வரும், ஆள் மட்டும் இருக்கமாட்டார். பிடரியில் ஒரு தட்டுத் தட்டினால் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வார். மருத்துவர்கள் இதற்குச் செவ்வாய்த் திகைப்பு என்று பெயர் சூட்டி, காற்றழுத்தத்தின்மேல் பழியைப் போட்டு, தினம் இரண்டு வேளைக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். மாத்திரை கசக்கும் என்பதைத் தவிர அதைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை.

இந்த மீளுருவியின் அட்டவணைகளைக் கட்டி மேய்ப்பவன் சுருளிவேல். அவனும் முதல் குடிதான். வேலையில் கெட்டிக்காரன், கவனம் அதிகம், வாயில் மட்டும் தைரியம் கொஞ்சம் குறைவு. அவனுடைய அக்கா கௌமாரியின் மகள் முல்லைக்குத்தான் இப்போது காது குத்த வேண்டும். சுருளிவேல் தாய்மாமன். குழந்தை பிறந்த அன்றே, கைக்குள் அடங்கிய அந்தப் பொட்டலத்தைப் பார்த்து, உனக்கு என் மடியில்தான் காது குத்து என்று சொல்லி வைத்தவன். முல்லையும் அதை மறக்கவில்லை. வலித்தால் மாமாவின் கையைக் கடித்துக்கொள்ளலாமா என்று இப்போதே கேட்டு அனுமதி வாங்கியிருந்தாள்.

மடிக்கு வந்தது ஆபத்து. கௌமாரியின் கணவர் போதுராஜா சாது. அவருடைய அண்ணன் தவசி சாது இல்லை. தாய்மாமன் என்றால் சீர் செய்யணும், கிடாயும் அண்டாவும் பட்டும் பழமும் ஊர்வலமாக வரணும், அட்டவணை ஆபீசர் வீட்டுச் சீரே அரைகுறையாக வந்தால் பிள்ளையைத் தன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவது என்று அவர் தெருவில் நின்று அறிவித்துவிட்டார். அவர் அறிவித்தால் அது ஊர்ச் செய்தி. தொண்டை அப்படி.

சீர் அரைகுறையாக வரும் என்று அவர் சொன்னதற்குக் காரணம் இருந்தது. அந்தக் காரணம் ஊர்ப் பூங்காவில் புல் மேய்ந்துகொண்டிருந்தது.

அதை விளங்கிக்கொள்ள அட்டவணையைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்தால் போதும். உலகத்துப் பொருளையெல்லாம் சுருளிவேலின் துறையில் ஒரு வகைமரமாகப் பிரித்திருந்தார்கள். உச்சியில் பொருள், அதன் கீழே கிடப்பவை, இயங்குபவை, இயங்குபவைக்குக் கீழே இயந்திரம், விலங்கு, மனிதர், விலங்குக்குக் கீழே ஆடு, மாடு, கோழி. ஆடு என்றால் அது விலங்கும்தான், இயங்குவதும்தான், பொருளும்தான். மேலே உள்ளவற்றின் குணமெல்லாம் அதற்கும் உண்டு, அதோடு தாடியும் உண்டு.

மரம் அழகாகத்தான் இருந்தது. மரத்தை அட்டவணையில் எழுதுவதில்தான் தகராறு. ஆட்டுக்குத் தனி, மாட்டுக்குத் தனி என்று வகைக்கொரு முழு அட்டவணை போடலாம். ஆனால் எடை, நிறம் என்று எல்லாவற்றுக்கும் பொதுவானதை ஒவ்வொன்றிலும் திரும்பத் திரும்ப எழுத வேண்டும், மொத்தம் எத்தனை உருப்படி வந்தது என்று கேட்டால் அத்தனை அட்டவணையையும் திறக்க வேண்டும். ஆகவே இந்த ஊரை அமைத்தவர்கள் கிளையட்டவணை முறையைப் பிடித்தார்கள். பொதுவானதெல்லாம் மேல் அட்டவணையில் ஒருமுறை. ஆட்டுக்கு மட்டும் உரியது ஆட்டு அட்டவணையில். ஒன்றிரண்டு வகைகளுக்குப் பொருந்தினாலே போதும், ஒரு கட்டத்தை மேலே ஏற்றிவிடுவார்கள். பொருந்தாத வகைக்கு அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டால் போயிற்று என்பது அவர்கள் கணக்கு. இடம் மிச்சம். ஆனால் ஒரு கிடாயை மீளுருவாக்க வேண்டுமானால் பொருள், இயங்குபவை, விலங்கு, ஆடு என்று நாலு அட்டவணையிலும் அதன் அடையாள எண்ணைத் தேடி எடுத்து, நாலு துண்டையும் ஒட்ட வேண்டும். விசேஷ நாட்களில் கூட்டம் நெருக்கும்போது கடைசித் துண்டு வந்து சேரத் தாமதமாகும். மீளுருவிக்குப் பொறுமை கிடையாது.

போன மாசியில் ஒரு தாய்மாமனின் சீரில் அதுதான் நடந்தது. ஆட்டு அட்டவணை வருவதற்குள் மீளுருவி கதவைத் திறந்துவிட்டது. உள்ளேயிருந்து ஒரு விலங்கு வெளியே வந்தது. ஆடு இல்லை, மாடு இல்லை, நாயும் இல்லை, விலங்கு. நாலு கால், ஒரு வாய், உடம்பெல்லாம் ஒரு சாம்பல் நிறம். என்ன சத்தம் போடுவது என்று அதற்கே தெரியாமல் வாயைத் திறந்து திறந்து மூடியது. வெட்டவும் மனம் வரவில்லை, வளர்க்கவும் ஆள் இல்லை. பிள்ளைகள் அதற்குப் பொது என்று பெயர் வைத்துப் பூங்காவில் விட்டார்கள். அந்தத் தாய்மாமன் இப்போதும் பூங்கா வழியாகப் போவதில்லை.

சுருளிவேலிடம் இதற்கு மாற்று இருந்தது. பேரட்டவணை. மரத்தில் உள்ள எல்லா வகைக்கும் சேர்த்து ஒரே அட்டவணை. வரிக்கு ஒரு பொருள். சக்கரம், கைப்பிடி, மூடி, கொம்பு, வால், காம்பு, சட்டைப்பை என்று எந்த வகைக்கு எது தேவையோ அத்தனைக்கும் கட்டம் இருக்கும். இது என்ன வகை என்று சொல்ல முன்னால் ஒரு வகைக்குறி இருக்கும். ஆடு வந்தால் ஆட்டுக்குரிய கட்டங்கள் மட்டும் நிரம்பும், சக்கரமும் சட்டைப்பையும் வெறுமையாகக் கிடக்கும். தேடுவது, ஒட்டுவது என்ற பேச்சே இல்லை. ஒரு வரியைப் படி, ஒரு கிடாயைச் செய். பக்கவாட்டில் மட்டும் அட்டவணை நீண்டுகொண்டே போகும், பாதிக் கட்டம் சும்மா கிடக்கும். சுருளிவேலுக்கு அது கொஞ்சம் உறுத்தியது. வெறுங்கட்டம் கண்ணுக்குத் தெரியட்டும் என்று அந்த இடங்களில் பூஜ்யச் சுழி காட்டும்படி செய்து வைத்தான்.

இதை முதலில் கரண்டி, சட்டி என்று சில்லறைச் சாமான்களில் சோதித்துப் பார்க்க வேண்டும், கிடாயில் ஆரம்பிக்கக் கூடாது என்பது அவனுடைய உறுதியான எண்ணம். அதைச் சொல்லத்தான் அக்கா வீட்டுக்குப் போனான்.

கௌமாரி காபியைக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அடுத்த மாசத்துக்குள்ள முடியாதுக்கா. புது அட்டவணை. ஏதாச்சும் கோளாறு வந்தா மானம் போயிரும்."

"மானம் இப்ப மட்டும் இருக்காக்கும்? எங்க பெரியவரு தெருவுல நின்னு பேசுனது உனக்குக் கேக்கலையா தம்பி?"

சுருளிவேல் விடவில்லை. வெறுங்கட்டம் என்றால் என்ன, வகைக்குறி என்றால் என்ன, ஏன் அவசரப்படக் கூடாது என்று ஒவ்வொன்றாக விளக்க ஆரம்பித்தான். கௌமாரி தலையை ஆட்டிக்கொண்டே எழுந்து, அவன் பின்னால் இருந்த அலமாரியில் சீனி டப்பாவை எடுக்கப் போனாள். அக்காளிடம் பேச ஆரம்பித்தால் சுருளிவேலுக்கு நேரம் போவதே தெரியாது. அன்றும் பேசி நிமிர்ந்தபோது சன்னலுக்கு வெளியே செவ்வாய்க்கே உரிய சாயங்கால நீலம் படிந்திருந்தது, காபி ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. கௌமாரி மலர்ந்த முகத்தோடு எதிரே உட்கார்ந்திருந்தாள். தேதியை எல்லோருக்கும் சொல்லியாயிற்று, பேரட்டவணையிலேயே சீரை வரவழைத்துவிடலாம் என்று நீயே ஒத்துக்கொண்டாயே என்றாள். ஒத்துக்கொண்டது அவனுக்கு ஞாபகம் இல்லை. ஆனால் வேலைப்பளுவில் அவனுக்கு இப்படி நடப்பது வழக்கம்தான்.

வேறு வழியில்லாமல் பேரட்டவணையைப் பூமிக்கு அனுப்பினான். அங்கே அனுப்பு நிலையத்தில் கட்டங்களைச் சரிபார்த்து நிரப்புகிறவர் பவுன்ராசு. அவர்கள் ஊர்க்காரர், நல்ல மனிதர். முதல் குடிகள் புறப்பட்ட காலத்திலிருந்து அந்த நாற்காலியில் இருக்கிறவர். தாய்மாமன் சீர் என்று கேள்விப்பட்டதும் கிடாய்களைத் தானே சந்தைக்குப் போய்ப் பார்த்து வாங்கியதாகவும், கொம்பு முறுக்கிய நல்ல ஜாதிக் கிடாய்கள் என்றும், ஒரு குறையும் வராமல் தானே உட்கார்ந்து ஒவ்வொரு கட்டமாகப் பார்த்து அனுப்புவதாகவும் ஒலிமடல் அனுப்பியிருந்தார். சுருளிவேலுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

காதுகுத்து அன்று காலையில் மீளுருவி கதவைத் திறந்தது. ஒரு விநாடிகூடத் தாமதமில்லை. சுருளிவேல் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றான்.

முதல் கிடாய் உருண்டு வந்தது.

நடந்து வரவில்லை. வயிற்றுக்கு நடுவே, கால்களுக்கு இடையில், வண்டிச் சக்கரம் ஒன்று அழகாக அச்சோடு பொருந்தியிருந்தது. கிடாய் நாலு காலையும் ஒரு உந்து உந்திவிட்டு மேலே தூக்கிக்கொண்டது. செவ்வாயின் இலேசான ஈர்ப்பில் வழுக்கிக்கொண்டு வந்து சுருளிவேலின் முழங்காலில் முட்டி நின்றது. முதுகின் நடுவில் ஒரு கைப்பிடி. தலையில், கொம்புகளுக்கு இடையே, பித்தளை மூடி. விலாவில் பொத்தான் வைத்த சட்டைப்பை. பின்னாலேயே மற்றக் கிடாய்களும் உருண்டு வந்தன.

அண்டாவுக்கு ஒரு கொம்பும் ஒரு வாலும் இருந்தன. வால் ஆடியது. குத்துவிளக்கு தன் சக்கரத்தில் தானாக நகர்ந்து சுவரோரம் போய் நின்றது. வாழைத்தாரின் ஒவ்வொரு பழத்துக்கும் ஒரு கைப்பிடி, ஒரு சட்டைப்பை. முல்லைக்கென்று வந்த பட்டுப்பாவாடையின் பின்பக்கம் ஒரு வால் சுருண்டு கிடந்து, சுருளிவேலைப் பார்த்ததும் நட்போடு அசைந்தது. தங்கக் கம்மல்களைப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. பார்த்தான். கடுகளவு சக்கரமும் நூலளவு வாலுமாக அவை பஞ்சில் உட்கார்ந்திருந்தன.

சுருளிவேல் அட்டவணையைத் திறந்து பார்த்தான். வெறுமையாக இருக்க வேண்டிய கட்டம் ஒவ்வொன்றிலும் ஒன்று என்று எழுதியிருந்தது. ஒரு சக்கரம், ஒரு கைப்பிடி, ஒரு மூடி. எங்கே பொருத்துவது என்று சொல்லாவிட்டால் மீளுருவி நடுவில் பொருத்தும். அது தன் கடமையை ஒழுங்காகச் செய்திருந்தது. பவுன்ராசு அண்ணனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டுச் செய்தி அனுப்பினான். போய்ப் பதில் வருவதற்குள் காது குத்தியே முடிந்துவிடும். அவனுக்கு அழுகை வந்தது. இத்தனை நாள் மனதுக்குள் மடியைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டவன், இப்போது தவசியின் மடியில் முல்லை உட்கார்ந்திருக்கும் காட்சியை நினைத்துப் பார்த்தான்.

கௌமாரி வந்தாள். சீரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். ஒரு கிடாயின் கைப்பிடியைப் பிடித்துத் தள்ளிப் பார்த்தாள். அது அரைத் தெரு தூரம் வழுக்கிப் போய்த் திரும்பி வந்தது.

"தூக்கிச் சுமக்க ஆள் தேட வேண்டாம்ல. கெளம்பு."

"அக்கா, பெரிய மச்சான் என்ன சொல்வாரோ..."

"அவரு சொல்றத நான் பாத்துக்கிறேன். நீ கெளம்பு தம்பி."

உறுமியும் நாயனமும் முன்னால் போக, சீர் தானே உருண்டு பின்னால் வந்தது. வழக்கமாகத் தலையில் தட்டைத் தூக்கி மூச்சுவாங்கி வரும் பெண்கள், கிடாயின் கைப்பிடியை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு கதை பேசியபடி வந்தார்கள். வெற்றிலை பாக்கைக் கிடாயின் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்கள். தெருமுனைச் சரிவில் குத்துவிளக்கு எல்லோரையும் முந்திக்கொண்டு ஓட, அதைப் பிடிக்கக் குழந்தைகள் துரத்த, ஊர்வலத்தில் இதுவரை யாரும் கேட்காத அளவுக்குச் சிரிப்பு எழுந்தது. குலவை பாதியிலேயே சிரிப்பில் உடைந்துபோனது. சுருளிவேல் மட்டும் சிரிக்கவில்லை. பந்தல் வாசலில் நெற்றி நிறையத் திருநீற்றோடு தவசி நின்றுகொண்டிருந்தார்.

அவர் சீரைப் பார்த்தார். அண்டா அவரைப் பார்த்து வாலை ஆட்டியது.

"இதுக்குப் பேரு சீரா? ஆட்டுக்குச் சக்கரம், அண்டாவுக்குக் கொம்பு! நான் அன்னைக்கே சொன்னேன்ல. பிள்ளையக் கொண்டாங்க, இன்னைக்கு என் மடியில வச்சுத்தான்..."

"மொதல்ல மாலைய வாங்கிக்கங்க மாமா" என்று சொல்லிக்கொண்டே கௌமாரி முன்னால் வந்தாள். குடும்பத்துப் பெரியவருக்கு முதல் மரியாதை. அவர் மறுக்க முடியாமல் தலையைக் குனிந்தார். அவள் மாலையைப் போட்டு, பிடரிப் பக்கம் திருத்தி, நன்றாக அழுத்தி விட்டாள். தவசி வாய் திறந்தபடியே நின்றுவிட்டார்.

செவ்வாய்த் திகைப்பு, பாவம், வயசாகுதுல்ல என்று நாலு பேர் பரிதாபப்பட்டார்கள். தட்டி எழுப்பப் போனவரைக் கௌமாரி தடுத்தாள். கூட்டத்தில் அலுப்பாக இருக்கும், கொஞ்சம் ஓய்வாக இருக்கட்டும் என்றாள். இரண்டு பேர் அவரைத் தூக்கிப் பந்தலோரத்தில் மரியாதையாக உட்கார வைத்தார்கள்.

முல்லை இதையெல்லாம் கவனிக்கவே இல்லை. அவள் சீர் வந்த நிமிடமே ஒரு கிடாயின் மேல் ஏறிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பந்தலை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டிருந்தாள். வால் வைத்த பாவாடையைக் கட்டிவிட்டதும் அதைக் கழற்றவே மாட்டேன் என்றாள். மாமாவின் மடியில் வந்து உட்கார்ந்து, ஆசாரி ஊசியை எடுத்தபோது, சொன்னபடியே அவன் கையைக் கடித்தாள். நன்றாகவே கடித்தாள். சுருளிவேலுக்குக் கண்ணில் நீர் வந்தது, வலியால் அல்ல. காதில் ஏறிய கம்மல்கள் குட்டி வாலை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு அடங்கின.

கிடாய்களை விருந்துக்கு வெட்டுவது என்ற பேச்சு வந்தபோது ஊரே எதிர்த்தது. பருப்புக் குழம்போடு விருந்து முடிந்தது, யாரும் குறை சொல்லவில்லை. ஊர்த்தலைவி தாயம்மாள், தன் பேத்தியின் காதுகுத்துக்கும் இதே மாதிரிச் சீர்தான் வேண்டும் என்று சுருளிவேலிடம் முன்பதிவே செய்தாள்.

சாப்பிட்டுவிட்டு வந்தவன் பந்தலுக்குப் பின்னால் முல்லையைப் பார்த்தான். கிடாய் உருண்டுகொண்டிருந்தது. முல்லை அதன் பிடரி மயிருக்குள் விரலை விட்டு ஒரு அழுத்து அழுத்தினாள். கிடாய் பாதிக் கத்தலில் அப்படியே நின்றது. கண் திறந்திருந்தது, மூச்சு வந்தது. மறுபடி அழுத்தினாள். மீதிக் கத்தலைக் கத்திவிட்டு அது உருள ஆரம்பித்தது.

"மாமா, இதுக்கும் உங்களுக்கு இருக்கிற மாதிரியே இருக்கு" என்றாள் முல்லை.

சுருளிவேல் மயிரை விலக்கிப் பார்த்தான். மிளகளவு ஒரு புடைப்பு.

அந்த நேரத்தில்தான் பவுன்ராசுவின் பதில் வந்தது. அதை அவன் நின்றபடியே கேட்டான்.

"தம்பி, சீர் நல்லபடியா வந்துச்சா? கோளாறுன்னு சொல்றியே, ஒரு கோளாறும் இல்லையே. உன் அட்டவணையத் தொறந்தா பாதிக்குப் பாதி சுழியா நிக்கிது. எனக்கு மனசு கேக்கல. மொய் எழுதுனாக்கூட நூறுன்னு சுழியில நிறுத்தாம ஒரு ரூவா சேத்துத்தானே வைக்கிறோம்? தாய்மாமன் சீர்ல போயி சுழிய வச்சு அனுப்புனா நல்லாவா இருக்கும்? அதான் எல்லாத்துலயும் ஒண்ணு ஒண்ணு போட்டு நெறவா அனுப்பிச்சேன். இது இன்னைக்கு நேத்துப் பழக்கமில்ல தம்பி. உங்களையெல்லாம் அனுப்புனப்பவும் நாந்தானே பாத்தேன். உங்க வரியில அத்தனையும் நெறஞ்சிருந்துச்சு, இயங்குபவைன்னு மேல ஒரு அட்டவணை இருக்கே, அதுல ஒரே ஒரு கட்டந்தான் காலியா இருந்துச்சு. ஊரு விட்டு ஊரு போற பிள்ளைங்களக் கொறையோட அனுப்பலாமா? அதுலயும் ஒண்ணு போட்டுட்டேன். எல்லாரும் சொகமாத்தானே இருக்கீங்க?"

சுருளிவேல் பழைய கிளையட்டவணையைத் திறந்து, இயங்குபவை என்ற மேல் அட்டவணைக்குப் போனான். மனிதர்களுக்குப் பொருந்தாத கட்டம் அதில் ஒன்றே ஒன்றுதான். மோட்டாருக்கும் உழவு இயந்திரத்துக்கும் வேண்டும் என்பதற்காக மேலே ஏற்றி வைத்த கட்டம். அதன் தலைப்பு: நிறுத்துவிசை. பொருத்துமிடம்: தலைப்பகுதிக்குப் பின்புறம்.

அவனுடைய கை தானாகப் பிடரியை நோக்கிப் போனது. பாதி வழியில் பயந்து நின்றது.

ஊரில் முதல் குடி ஒவ்வொருவருக்கும் பிடரியில் ஒரு நிறுத்துவிசை. அதைப் பெருமையாக ஊருக்குக் காட்டிக்கொண்டு திரிந்திருக்கிறார்கள். நோய் என்று மாத்திரை விழுங்கியிருக்கிறார்கள். இதை உடனே யாரிடமாவது சொல்லியாக வேண்டும். அன்று விருந்தாளிக் கூட்டத்தில் அக்கா தனியாக அகப்படவில்லை. மறுநாள் மதியம் சாப்பாடு முடிந்த கையோடு அவள் வீட்டுக்கு ஓடினான்.

கௌமாரி காபி போட்டுக் கொடுத்தாள். அவன் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னான். சுழி, ஒன்று, பவுன்ராசு, கிடாய், நிறுத்துவிசை. ஊர்மன்றத்தைக் கூட்டி அறிவிக்க வேண்டும் என்றான். எல்லோரும் இதை அறிந்துகொண்டால் என்ன ஆகும், கணவன் மனைவியை நிறுத்துவான், கடன் வாங்கியவன் கொடுத்தவனை நிறுத்துவான், ஆனாலும் மறைப்பது தப்பு என்றான். இவ்வளவு பெரிய செய்திக்கு அக்காளின் புருவம்கூட உயரவில்லை என்பதை அவன் கவனித்தான், ஆனால் கவனித்ததை யோசிக்க நேரம் இல்லை.

"சரி தம்பி. காபிக்குச் சீனி போதுமா?" என்று கேட்டுக்கொண்டே அவள் எழுந்தாள்.

"போதும்க்கா. அதனால நாளைக்கே நான் மன்றத்துல எந்திரிச்சு நின்னு..."

காபி ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. சன்னலுக்கு வெளியே சாயங்கால நீலம். கௌமாரி எதிரே உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தாள். பந்து கிட்டத்தட்ட முடிந்திருந்தது.

"யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சொன்னியே தம்பி, இப்பத்தான் எனக்கு நிம்மதியா இருக்கு" என்றாள்.

சுருளிவேல் காபியைப் பார்த்தான். பூப்பந்தைப் பார்த்தான். இத்தனை வருஷமாக இந்த நாற்காலியில் உட்கார்ந்து அவன் ஒத்துக்கொண்டவை ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. அதாவது, ஒத்துக்கொண்டது மட்டும் வரவே இல்லை. அக்கா வீட்டுக் கூரைக்கு அவன் சொந்தச் செலவில் மாற்றிக் கொடுத்த கண்ணாடி. அவன் வேண்டாமென்று சொல்லப் போய், எப்படியோ போய்ப் பார்த்துவிட்டு வந்த இரண்டு பெண்கள். பேரட்டவணை.

"எவ்வளவு நாளாக்கா?" என்று கேட்டான்.

"ரொம்ப ஒண்ணும் அமுக்க மாட்டேன். சண்டை வருமுன்னா மட்டும். உங்க மச்சானுக்குத் தூக்கம் வராதப்ப பிடரிய அமுக்கிவிடச் சொல்லி அவரே கேட்டு வாங்கிப்பாரு. காரணம் மட்டும் அவருக்குத் தெரியாது." கௌமாரி பூவைக் கத்தரித்து, தாழப் போட்ட கொண்டையில், பிடரி மறையும்படி வைத்துக்கொண்டாள்.

ஆனாலும் சுருளிவேல் மறுநாள் ஊர்மன்றத்துக்குப் போனான். உண்மையைச் சொல்லிவிடுவது என்று உறுதியாகத்தான் போனான். நடுவில் போட்டிருந்த நாற்காலிகளில் ஆண்கள் ஒட்ட வெட்டிய பிடரியோடு உட்கார்ந்து சத்தமாக விவாதித்துக்கொண்டிருந்தார்கள். தவசி முன்வரிசையில் இருந்தார். காது குத்தும்போது தான்தான் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் நடத்தி வைத்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பெண்கள் எல்லோரும், ஒருவர் பாக்கியில்லாமல், சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் தலையிலும் தாழக் கொண்டை, கொண்டையில் பூ. இந்த மன்றத்தில் எவ்வளவு பெரிய சண்டையும் சட்டென்று ஓய்ந்து, எல்லாத் தீர்மானமும் ஒருமனதாக நிறைவேறுவதைச் செம்மேட்டின் பண்பாடு என்று அவன் பூமிக்கு எழுதிய அறிக்கையில் பெருமையாகக் குறிப்பிட்டிருந்தான்.

அவன் எழுந்து நின்றான். தலைவி தாயம்மாள் கனிவாகப் பார்த்தாள். அவன் பின்னால் ஒரு வளையல் இலேசாகக் குலுங்கியது.

"சொல்லுங்க தம்பி. என்ன விசயம்?"

"ஒண்ணுமில்லம்மா. அட்டவணையில ஒரு சின்னத் திருத்தம். நானே பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, சுவரோரம் ஒரு காலி இடம் பார்த்துப் போய்ச் சாய்ந்து உட்கார்ந்தான். பக்கத்தில் இருந்த கௌமாரி நகர்ந்து இடம் கொடுத்தாள்.

அன்றிலிருந்து சுருளிவேல் முடி வெட்டிக்கொள்வதில்லை. இன்னும் ஒரு சாண் வளர்ந்தால் கொண்டை போட்டுவிடலாம்.